தாத்தாவின் பி.எஸ்.ஏ.வா, நண்பரின் டயானாவா?

கேள்வி: கோலார் பேரன், அல்சூர், பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு மாறிய சமயத்தில், ஊர் திரும்பிய ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தம் பங்களாச் சுவரில் மாட்டியிருந்த ஏர் ரைஃபிளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாக வீட்டில் சொல்வார்கள். தாத்தா அதை அதிகம் தொட்டதில்லை. மாடியில் வடகம் காயும் நாட்களில் பாட்டிதான் அதை எடுப்பார். குண்டு எதுவும் போடாமல் லீவரை இழுத்து, 'டப்' என்று ஒரு சத்தம் எழுப்பிக் குரங்குகளை விரட்டுவார். இப்படியே முப்பது ஆண்டுகள் ஓடியிருக்கும்.

சென்ற மாதம் அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். குழலுக்கு அடியில் ஒரு நீண்ட லீவர் இருக்கிறது. அதைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் ஏறுகிறது. குழல் அசைவதில்லை. குழலின் பின்முனையில், பக்கவாட்டில் ஒரு சிறிய திருகுக் குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் குண்டு போடுவதற்கான துளை மேலே வருகிறது. எஃகின் மேல் பி.எஸ்.ஏ. என்றும், பர்மிங்ஹாம் என்றும், 'நம்பர் 1 போர்' என்றும் பொறித்திருக்கிறார்கள். பத்து மீட்டரில் வைத்த பால்மாவு டப்பாவைச் சுட்டுப் பார்த்தேன். குண்டு டப்பாவில் பட்டு, அப்படியே கீழே உருண்டது. தகரம் நெளியக்கூட இல்லை.

இதைக் கேள்விப்பட்ட காக்ஸ் டவுன் நண்பர் ஒருவர், தம்மிடம் உள்ள டயானா 27-ஐ விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். "அது அசல் ஜெர்மன் சரக்கு, உன் இங்கிலீஷ் கட்டையை மறுபடியும் பரணில் போட்டுவிடு" என்பது அவருடைய வாதம். எனக்குப் போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் காகிதக் குறியில் அமைதியாகச் சுட வேண்டும், அவ்வளவுதான். பழைய பிரிட்டிஷ் ஸ்பிரிங் துப்பாக்கிகளுக்கும் ஜெர்மன் துப்பாக்கிகளுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? தாத்தாவுடையதைச் சரிசெய்வது பணத்தை வீணடிப்பதாகுமா? 'நம்பர் 1 போர்' என்றால் என்ன என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: டூல்ரூம், ஜீவன்பீமாநகர்

முதலில் எளிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 'போர்' என்பது குழலின் துளை அளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அந்தக் காலத்து பி.எஸ்.ஏ. துப்பாக்கிகளில் 'நம்பர் 1' என்றால் .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர், 'நம்பர் 2' என்றால்.22; 'நம்பர் 3' என்றால் .25. உங்களுடையது 4.5. இது எவ்வளவு நல்ல செய்தி என்பதை நம்மிடையே உள்ள வக்கீல் விளக்குவார்.

நீங்கள் வர்ணிக்கும் அமைப்பு, பர்மிங்ஹாமின் துப்பாக்கித் தொழிலாளர் லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-இல் காப்புரிமை பெற்றது. 1905 முதல் பி.எஸ்.ஏ. நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வரையில் சிற்சில மாற்றங்களோடு செய்துகொண்டிருந்தது. ஆகவே உங்கள் தாத்தா கைக்கு வந்தபோதே அது பழைய துப்பாக்கிதான். அதுவரை வந்த பெரும்பாலான ஏர் கன்கள் குழலை மடக்கி ஏற்றுபவை. விளையாட்டுச் சாமான் போன்றவை. ஜெஃப்ரீஸ் செய்த மாற்றம் என்னவென்றால், குழலை உடலோடு அசையாமல் பொருத்தி, ஸ்பிரிங்கை ஏற்றும் வேலையைத் தனி லீவரிடம் கொடுத்ததுதான். முன்குறியும் பின்குறியும் குழலும் ஒரே உடலில் இறுகி நிற்பதால், ஆயிரம் தடவை ஏற்றினாலும் குறியும் குழலும் விலகுவதில்லை. பிரிட்டிஷ் துப்பாக்கி என்று நாம் சொல்வதன் உயிர் இந்த ஓர் எண்ணத்தில் இருக்கிறது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலைதான் நீங்கள் பார்த்த அந்தக் குமிழ். குழல் மடங்காவிட்டால் குண்டை எங்கே வைப்பது? ஆகவே குழலுக்கும், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தும் காற்றறைக்கும் நடுவே, தண்ணீர்க் குழாயில் இருப்பதைப் போன்ற கூம்பு வடிவ டேப் ஒன்றைப் பொருத்தினார்கள். அதைத் திருப்பித் துளையில் குண்டைப் போட்டு, மறுபடியும் திருப்பினால் துளை குழலுக்கு நேராக வந்துவிடும். இதில் இரண்டு குறைகள் உண்டு. குண்டு குழலின் வரிப்பள்ளங்களில் நேரடியாக அமராமல், டேப்பிலிருந்து குழலுக்குள் தாவ வேண்டியிருக்கிறது. அடுத்ததாக, டேப்பின் உலோகமும் அது சுழலும் குழியும் தேயத் தேய, அந்த இடுக்கின் வழியே காற்று தப்பிவிடும். புதிதாகச் செய்த ஒன்றைக் கையால் தேய்த்துப் பொருத்திய தொழிலாளியின் நிதானத்தில்தான் அந்தத் துப்பாக்கியின் ஆயுளே இருந்தது.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். ராஸ்டாட் நகரத்தின் மேயர் உண்ட் கிராமெல்ஷ்பாகர் நிறுவனம், அதாவது டயானாவைச் செய்தவர்கள், குழல் மடக்கும் முறையையே பெரும்பாலும் பிடித்துக்கொண்டார்கள். 1899-இல் தொடங்கி, போருக்குப் பின் பவேரியாவின் மெல்ரிஷ்டாட் ஊரில் மறுபடியும் கடை விரித்த வைரா (Weihrauch) நிறுவனமும் அதே வழிதான். மடக்கும் குழலில் குண்டை விரலால் நேராகப் பள்ளங்களில் அமர்த்திவிடலாம். காற்றுக்குக் குறுக்கே ஒரே ஒரு சீல்தான். செய்வதற்கும் மலிவு. ஆனால் குழல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து அமர வேண்டுமே! 1951-இல் வந்த வைராவின் எச்.டபிள்யூ. 35-இல் குழலைப் பூட்ட ஒரு தனிக் கொக்கியே வைத்தார்கள். மடக்குவதற்கு முன் அதைக் கட்டைவிரலால் தள்ளி விடுவிக்க வேண்டும்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன், அது டிரிகர். ஏற்றிய ஸ்பிரிங் பிஸ்டனைப் பல பத்து கிலோ பாரத்தோடு முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய பி.எஸ்.ஏ.யில் அந்தப் பாரம் முழுவதையும் டிரிகரோடு நேராகச் சேர்ந்த கொக்கி ஒன்று தாங்கி நிற்கிறது. அதை நழுவவிட வேண்டுமானால் விரலால் அழுத்தி இழுக்க வேண்டும். இழுக்கும்போது குறி விலகும். வைராவின் 'ரெக்கார்டு' டிரிகரிலோ கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பாரத்தைக் குறைத்துக் குறைத்து அடுத்ததிடம் தருவதால், கடைசியில் விரலுக்கு வந்து சேர்வது மிகச் சிறிய பாரமே. விரல் முதல் கட்டத்தில் மெதுவாக நகர்ந்து, ஓர் இடத்தில் தெளிவாக நிற்கும். அதற்குமேல் ஒரு நினைப்பு போதும், குண்டு போய்விடும். டயானா 27-இல் ஜெர்மானியர்கள் பிற்காலத்தில் இதையே மூன்று எஃகு உருண்டைகளைக் கொண்டு சாதித்தார்கள். எச்.ஏ.எல். டூல் ரூமில் என் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த உருண்டை டிரிகரைப் பிரித்து மேசையில் பரப்பிப் பார்த்தபோது எனக்கு ஒரு நல்ல கைக்கடிகாரத்தைப் பார்த்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

இன்னொரு வித்தியாசம் சட்டத்தால் வந்தது. இங்கிலாந்தில் உரிமமில்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளில் குண்டு புறப்படும் ஆற்றலுக்கு உச்சவரம்பு 12 அடி-பவுண்டு, ஏறத்தாழ 16.3 ஜூல். ஜெர்மனியில் அது 7.5 ஜூல், அந்த வரம்புக்குள் உள்ள துப்பாக்கியில் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்திருப்பார்கள். 0.54 கிராம் எடையுள்ள 4.5 குண்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 7.5 ஜூலில் அது விநாடிக்கு சுமார் 167 மீட்டர் வேகத்திலும், 16 ஜூலில் சுமார் 243 மீட்டர் வேகத்திலும் புறப்படும். ஜெர்மன் துப்பாக்கி ஒன்றைக் கையில் வாங்கும்போது அது உள்நாட்டு விற்பனைக்கானதா, ஏற்றுமதிக்கானதா என்று பார்க்காமல் 'பலமில்லை' என்று பழிப்பது நியாயமல்ல. பத்து மீட்டர் காகிதக் குறிக்கு 7.5 ஜூல் தாராளம்.

உங்கள் துப்பாக்கியில் பலம் போனதற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். குண்டு இருந்தால் காற்று ஒரு மெத்தைபோல் பிஸ்டனைத் தாங்கி நிறுத்தும். குண்டு இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக அறையின் சுவரில் போய் மோதும். பாட்டியின் குரங்குப் படலத்தில் பிஸ்டன் முனையில் உள்ள தோல் வாஷர் நசுங்கித் தேய்ந்திருக்கும். பாட்டியைக் குறை சொல்லவில்லை, வடகம் முக்கியம்.

பதில்: வக்கீல் வேலை, சிவாஜிநகர்

சட்டப் பகுதியை மட்டும் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. தாத்தாவின் துப்பாக்கியில் 'நம்பர் 2' என்று இருந்திருந்தால் கதையே வேறு. அதன் பலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் துளையின் அளவு அதை உரிமம் வேண்டிய பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். நண்பரிடமிருந்து டயானாவை வாங்குவதாக இருந்தால் அதன் துளை அளவை முதலில் பாருங்கள். டயானா 27 இரண்டு அளவுகளிலும் வந்திருக்கிறது. கைமாறியதற்கு ஒரு கடிதமும், இருவரின் அடையாளச் சான்றின் நகலும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மாடியில் சுடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அல்சூரில் மாடிக்கு மாடி துணி காயும். குறிக்குப் பின்னால் குண்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டியும், அதற்குப் பின்னால் கற்சுவரும் இல்லாமல் ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம். குரங்கு, காக்கை, அணில் எதன் பக்கமும் குழலைத் திருப்ப வேண்டாம்.

பதில்: பீன்யா லேத்

நான் இவற்றைப் பழுதுபார்ப்பவன், படித்துத் தெரிந்துகொண்டவனல்ல. அதனால் கையில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பி.எஸ்.ஏ.யைச் சரிசெய்வது வீண் செலவல்ல. அதன் எஃகு அத்தனை நல்லது. அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிளை ஓட்டி வளர்ந்தவர்கள் பலர் இங்கே இருப்பீர்கள். அந்தப் பெயர் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம் என்பதும், அவர்களுடைய சின்னம் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய கூம்பு என்பதும் எனக்கே முப்பது வயதுக்குமேல்தான் தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியைத் திறந்தபோது உள்ளே லேத்தின் வெட்டுக்கோடுகள் இன்னும் புதிதாக இருப்பதைக் கண்டு, என் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு, மரை. ஜெர்மன் துப்பாக்கியில் எல்லாம் மெட்ரிக் அளவு. ஒரு திருகு தொலைந்தால் எஸ்.பி. ரோட்டில் பத்து நிமிடத்தில் வேறு கிடைக்கும். பழைய ஆங்கிலத் துப்பாக்கியின் திருகுகள் எதுவும் மெட்ரிக்கில் சேராது. இரண்டு சுற்று சரியாகப் போவதுபோல் போகும், மூன்றாவதில் இறுகும். அப்போது அவசரப்பட்டுத் திருகினால் உடலில் உள்ள மரையே சிதைந்துவிடும். பழைய திருகு ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். தலை தேய்ந்திருந்தால் அதே திருகின் தலையைச் சரிசெய்து போடுவதே உத்தமம். திருப்புளியின் வாயும் அந்த வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி அரத்தில் ராவிக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் வாஷர் தோலால் ஆனது, சிறிய கிண்ணம் போன்ற வடிவம். சைக்கிள் பம்பில் இருக்கும் வாஷரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கெட்டித் தோலை வெந்நீரில் ஊறவைத்து, துளையிட்ட மர அச்சில் அழுத்தி, ஓரிரவு காயவிட்டு, பிறகு ஓரத்தைக் கத்தியால் சீவ வேண்டும். காய்ந்ததும் குதிரைச் சேணத்துக்குப் பூசும் எண்ணெயில் நான்கைந்து நாள் மூழ்கியிருக்கட்டும். அறைக்குள் நுழைக்கும்போது விரலால் தள்ளினால் மெல்லிய எதிர்ப்போடு போக வேண்டும்; தானாக நழுவி விழுந்தால் வாஷர் சிறியது, சுத்தியல் தேவைப்பட்டால் பெரியது.

வீட்டில் இருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெயையோ மோட்டார் எண்ணெயையோ காற்றறைக்குள் விடாதீர்கள். காற்று சட்டென்று அழுந்தும்போது அங்கே சூடு மிக அதிகமாகும். எண்ணெய் ஆவி டீசல் எஞ்சினில் போலப் பற்றி வெடிக்கும். குழலிலிருந்து நீலப் புகையும் பட்டாசுச் சத்தமும் வந்தால், பலம் கூடிவிட்டதென்று மகிழ வேண்டாம். ஸ்பிரிங்கும் வாஷரும் சேர்ந்தே அழியப் போகின்றன என்று அர்த்தம். தடித்த கம்பியில் புதிய ஸ்பிரிங் சுற்றிப் போட்டால் பலம் ஏறும் என்பதும் இப்படிப்பட்ட ஆசைதான். காற்றறையின் கொள்ளளவுக்கு மேல் காற்று எங்கிருந்து வரும்? அதிர்ச்சிதான் கூடும்.

பிரிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் ஓரளவு அழுந்தியேதான் இருக்கும். டயானாவில் பின்கட்டையை இரண்டு குறுக்கு ஊசிகள் பிடித்திருக்கின்றன. தொழில் பழகிய புதிதில் நான் ஒன்றை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, கையாலேயே அழுத்திப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பில் இரண்டாவது ஊசியைத் தட்டினேன். பின்கட்டை என் தோளுக்குமேல் பறந்து, ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓட்டை போட்டது. அந்த ஓட்டைக்குக் கீழே மழைக்காலத்தில் இன்றும் வாளி வைக்கிறோம். கம்பிச் சட்டத்தில் திருகு வைத்து ஸ்பிரிங்கை மெதுவாக விடுவிக்கும் கருவி இல்லாமல் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் என் பெஞ்சிலேயே செய்யலாம்.

பதில்: வெப்லி ரசிகன், மாதுங்கா, மும்பை

டூல்ரூம் ஐயா எழுதியதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் டேப்பைப் பற்றி அவர் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டார். என்னிடம் வெப்லி மார்க் 3 இருக்கிறது. 1947 முதல் 1975 வரை பர்மிங்ஹாமில் செய்தார்கள். இதுவும் அடி லீவர், அசையாத குழல், கையால் திருப்பும் டேப். நாற்பது மழைக்காலங்களை மும்பையில் பார்த்த துப்பாக்கி அது. டேப்பின் மேல் மெல்லிய காகிதத் துண்டை ஒட்டிவைத்துச் சுட்டுப் பார்த்தேன், காகிதம் அசையவில்லை. டேப்பைக் காரணமில்லாமல் கழற்றாமல் இருந்தாலே போதும். அது மாவாட்டும் கல்லைப் போல் தன் குழியில் தானே பொருந்திக்கொள்ளும். குண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். பழைய பர்மிங்ஹாம் குழல்கள் சற்றுத் தாராளமாக இருப்பதால் 4.50 தலையுள்ள குண்டைவிட 4.52 பல சமயம் குறியில் நெருக்கமாக விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பிரிட்டிஷ் முறை', 'ஜெர்மன் முறை' என்று கோடு கிழித்தால், 1980களில் அந்தக் கோடு என்னாயிற்று என்று பார்க்க வேண்டாமா? பிரிட்டனில் வயல்வெளியில் தகர உருவங்களை வீழ்த்தும் ஃபீல்டு டார்கெட் போட்டிகள் பரவிய காலம் அது. தொலைநோக்கி பொருத்திச் சுடுபவர்களுக்கு மடங்கும் குழல் பிடிக்கவில்லை. அசையாத குழல் வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்தவர்கள் யார்? பர்மிங்ஹாம் அல்ல, மெல்ரிஷ்டாட்! வைராவின் எச்.டபிள்யூ. 77 அடி லீவரும் அசையாத குழலும் கொண்டது. ஜெஃப்ரீஸின் எண்ணத்தை எடுத்துக்கொண்டு, டேப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். லீவரை இழுத்தால் காற்றறையே பின்னால் நகர்ந்து குழலின் வாயைத் திறந்து காட்டும். குண்டை விரலால் நேராக அமர்த்தலாம். நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த இரண்டு குறைகளும் ஒரே வீச்சில் போயின. பிறகு பிரிட்டனின் ஏர் ஆர்ம்ஸ், ஹெயில்ஷாம் ஊரில் டி.எக்ஸ். 200-ஐச் செய்தபோது, அதன் டிரிகரை ரெக்கார்டின் வழியிலேயே அமைத்தார்கள். ஆக, ஜெர்மானியர் பிரிட்டனின் குழலை எடுத்துக்கொள்ள, பிரிட்டிஷார் ஜெர்மனியின் டிரிகரை எடுத்துக்கொண்டார்கள். சம்பந்திகள் சண்டை போட்டுக்கொண்டே சீர்வரிசை மாற்றிக்கொள்வதைப் போலத்தான் இருந்தது.

கேட்டவருக்கு என் யோசனை: எந்த ஸ்பிரிங் துப்பாக்கியானாலும் இறுகப் பிடிக்காதீர்கள். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகரும். பிஸ்டன் நிற்கும்போது முன்னே குதிக்கும். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இடது உள்ளங்கையைத் திறந்து அதன்மேல் கட்டையைச் சும்மா படுக்க வைத்து, அது தன் விருப்பப்படி ஒரே மாதிரி ஆடட்டும் என்று விட்டுவிட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் சேரும். இந்த ஆட்டத்தையே ஒழிக்க ஜெர்மானியர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் தெரியுமா! ஃபைன்வெர்க்பாவ் 300-இல் துப்பாக்கியின் மேற்பகுதி முழுவதும் தண்டவாளத்தில் வழுக்குவதுபோல் கட்டையின்மேல் பின்னால் நகரும். தோளுக்கு எதுவும் தெரியாது. டயானாவோ கிஸ் முறையில், எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்து ஒன்றின் உதையை மற்றொன்றால் அடக்கியது. பத்து மீட்டர் போட்டிகளுக்காகப் பிறந்தவை இவை. அந்த ஓட்டத்தில் பிரிட்டனின் பெரிய கம்பெனிகள் சேரவே இல்லை என்பதை வெப்லி ரசிகனான நானே வருத்தத்தோடு எழுதுகிறேன்.

மறுமொழி: கோலார் பேரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை காக்ஸ் டவுன் நண்பரின் வீட்டுக்குப் போய் டயானாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். துளை 4.5 தான். டூல்ரூம் ஐயா வர்ணித்த டிரிகரை அனுபவிக்க வேண்டும் என்ற ஆவலோடு, குண்டு போட்டு, அவருடைய கொல்லையில் மணல் மூட்டைக்குமுன் வைத்த அட்டைப் பெட்டியைக் குறிவைத்தேன். விரல் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் எதையும் உணரவில்லை. இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு சமயத்தில் சுட்டது. என் கைதான் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உடலில் படிந்திருந்த அழுக்கை எண்ணெய்த் துணியால் துடைத்தோம். வில்லையும் அம்பையும் கீழே எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருக்கும் பெண்ணின் உருவம் தெரிந்தது. "பார், டயானா தேவி!" என்று நண்பர் பெருமிதப்பட்டார். இன்னும் கொஞ்சம் துடைத்ததும் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்தன: 'மேட் இன் கிரேட் பிரிட்டன்'. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கண்ணாடியை எடுத்துவந்து போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்துகள் மாறவில்லை. இது எப்படி நேர்ந்தது? போலிச் சரக்கா?

பதில்: டூல்ரூம், ஜீவன்பீமாநகர்

போலி அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ராஸ்டாட் தொழிற்சாலையின் இயந்திரங்களும் டயானா என்ற வணிகப் பெயரும் மில்பிரோ என்று சுருக்கி அழைக்கப்படும் மில்லார்டு பிரதர்ஸ் கம்பெனியின் கைக்குப் போயின. அவர்கள் ஸ்காட்லாந்தின் மதர்வெல் ஊரில் அந்த இயந்திரங்களைக் கொண்டே டயானா துப்பாக்கிகளைச் செய்தார்கள். ராஸ்டாட்டில் பழைய முதலாளிகள் மறுபடியும் தொழிலைத் தொடங்கியபோது, பிரிட்டனில் தங்கள் சொந்தப் பெயரைப் போட்டு விற்க முடியவில்லை. ஆகவே அங்கே 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்றார்கள். 1984-இல்தான் அவர்கள் பெயரைத் திரும்ப வாங்கினார்கள். ஆகையால் பிரிட்டனில் அந்த இடைக்காலத்தில் டயானா என்று எழுதியிருந்தால் அது ஸ்காட்லாந்துக்காரர் செய்தது. 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்தால் அதுதான் ஜெர்மன்.

உங்கள் விரல் பொய் சொல்லவில்லை. மதர்வெல்லுக்குப் போனவை போருக்கு முந்தைய அச்சுகள். ஜெர்மானியர்கள் பின்னர் தங்கள் 27-இல் கொண்டுவந்த உருண்டை டிரிகர் இதில் இல்லை. துப்பாக்கி மோசம் என்று பொருளல்ல. எடை குறைவு, பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க அருமையானது. ஆனால் அசல் ஜெர்மன் விலையைக் கொடுக்க வேண்டாம். வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: குழலை மடக்கிய நிலையில் யாராவது எப்போதாவது டிரிகரை இழுத்திருந்தால், குழல் சட்டென்று மூடி, மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்குறியை முழுவதும் இறக்கியும் குண்டு மேலேயே போனால் அந்தக் குழல் வளைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: கோலார் பேரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். டயானாவை வாங்கவில்லை. நண்பரும் அதை விற்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் மதர்வெல் கதையைச் சொல்கிறார்.

தாத்தாவின் துப்பாக்கியைப் பீன்யாவுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் அதைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தபோது, அதன் முனையில் வாஷர் என்ற பெயரில் கருகிய அப்பளத் துண்டு போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. ஸ்பிரிங் சற்றே வளைந்திருந்தாலும் உடையவில்லை. வளைந்ததை மாற்றிவிடலாம் என்று, பழையதன் கம்பித் தடிமனிலேயே ஒன்று சுற்றிப் போட்டார். புதிய வாஷர் ஐந்து நாள் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், மாவடு ஜாடிக்குப் பக்கத்தில் எண்ணெயில் ஊறியது. அதை யாரும் எடுத்துத் தாளித்துவிடாதபடி நான் காவல் இருந்தேன்.

நேற்றுக் காலை கற்சுவருக்கு முன் பெட்டி வைத்து, பத்து மீட்டரில் சுட்டேன். பால்மாவு டப்பாவில் இப்போது ஓட்டை விழுகிறது. டேப்பின் மேல் ஒட்டிய காகிதம் மட்டும் லேசாகத் துடிக்கிறது. அதைச் சரிசெய்யலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று மாதுங்காக்காரர் சொல்ல வேண்டும். 4.52 குண்டுகளில் பத்து சுட்டதில் எட்டு ஒரு காபி தம்ளரின் வாயளவுக்குள் விழுந்தன. மீதி இரண்டும் டிரிகரின் பாரத்தில் என் விரல் இழுத்துக்கொண்டு போனவை. அம்மா சத்தம் கேட்டு மாடிக்கு வந்தார். பாட்டி சுடும்போது இதைவிடப் பெரிதாகக் கேட்குமே என்றார்.

பதில்: வெப்லி ரசிகன், மாதுங்கா, மும்பை

லேசான துடிப்புதானே, விட்டுவிடுங்கள். இன்னும் ஐந்நூறு குண்டு சுட்டபின் மறுபடியும் காகிதத்தை ஒட்டிப் பாருங்கள். துடிப்பு கூடியிருந்தால் அப்போது பீன்யாவுக்குப் போகலாம். அதுவரை டேப்பைக் கழற்ற வேண்டாம்.